தறி வீட்டில் இருந்தது: வட சென்னையில் "வீட்டிலிருந்தே வேலை"யின் 300 ஆண்டுக் கதை

2020 மார்ச் 24 இரவு, நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலையில் சென்னை இரண்டு ஊராகப் பிரிந்துவிட்டது என்றே சொல்லலாம். தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் காலியாகின. அங்கே வேலை பார்த்தவர்கள் லேப்டாப்போடு வீட்டில் உட்கார்ந்து அதே வேலையைத் தொடர்ந்தார்கள். வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அது நடக்கவில்லை. துறைமுகத்துக்கு வந்த கப்பலின் சரக்கை வீட்டிலிருந்து இறக்க முடியாது. லேத் மெஷினை வீட்டுக்குத் தூக்கி வரவும் முடியாது. அத்தியாவசியப் பணி என்பதால் துறைமுகம் ஓடியது. பட்டறைக்காரர்களும் தினக்கூலிகளும் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

"வீட்டிலிருந்தே வேலை" என்பது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதுமை, அது படித்தவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி என்ற எண்ணம் அப்போதுதான் எல்லோர் மனதிலும் பதிந்தது. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம். சென்னை என்ற நகரம் உருவானதே வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களால்தான். அதிலும் இன்று அந்த வசதி எட்டாத வட சென்னையில்தான் அது செழித்திருந்தது.

அந்த வேலை வீட்டைவிட்டு எப்படிப் போனது? ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போய்விட்டு எப்படித் திரும்பி வந்தது? இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் இன்றைய கம்பெனிகளும் ஊழியர்களும் போடும் "வீடா, ஆபீஸா" சண்டையைக் கொஞ்சம் தெளிவாகப் பார்க்கலாம்.

ஆலை இல்லாத கம்பெனி

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கியது. கப்பல் நிறுத்த நல்ல இடம் என்பதால் வாங்கவில்லை. அலை மோதும் திறந்த கடற்கரை அது; இயற்கைத் துறைமுகம் கிடையாது. வாங்கியதற்கு முக்கியக் காரணம் துணி. சோழமண்டலக் கரையில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. அதை வாங்கிக் கப்பலேற்றத்தான் கோட்டையே கட்டினார்கள்.

கோட்டைக்குள் கிடங்கு இருந்தது, கணக்குப்பிள்ளைகள் இருந்தார்கள், சிப்பாய்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு தறிகூடக் கிடையாது! தறிகள் எல்லாம் நெசவாளர் வீடுகளில் இருந்தன. இன்றைய பேச்சில் சொன்னால், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பன்னாட்டு நிறுவனங்களில் ஒன்றுக்கு உற்பத்தி முழுவதும் வீட்டிலிருந்தே நடந்தது.

முறை இதுதான். கம்பெனி உள்ளூர் வியாபாரிகளிடம் பணம் கொடுக்கும். அவர்கள் அதை நெசவாளர்களுக்கு முன்பணமாகக் கொடுப்பார்கள். எந்த நீளம், எந்த அகலம், எத்தனை இழை என்பதற்கு மாதிரித் துணி உண்டு. நெசவாளர் நூல் வாங்கி, பாவு போட்டு, தன் வீட்டுத் தறியில் நெய்வார். நூல் நூற்பது பெரும்பாலும் பெண்கள். தார் சுற்றுவதும் பாவுக்குக் கஞ்சி போடுவதும் குடும்பத்தோடு செய்யும் வேலை. நெய்து முடித்த துணி கோட்டைக் கிடங்குக்குப் போகும். அங்கே மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள்.

துணியை வெளுப்பதும் இப்படித்தான் நடந்தது. வண்ணாரப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும் ஊராரின் அழுக்குத் துணி வெளுத்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கம்பெனி கப்பலேற்றும் புதுத் துணியைக் கஞ்சி நீக்கி வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பு அது. ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பேட்டையின் பெயரில் இன்னும் அந்த வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த நேரத்தில் தறியில் உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று யாரும் மணி அடிக்கவில்லை. நல்ல நாளில் நிறைய நெய்யலாம். மழை நாளில் தெருவில் பாவு நீட்ட முடியாது. அன்று தானாகவே லீவு. நெகிழ்வான வேலை நேரம் என்றால் இதுதானே?

காலடிப்பேட்டை: காலடி இல்லை, காலெட்

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டது. அந்தத் தடத்தில் "காலடிப்பேட்டை" என்று ஒரு நிலையம் வரும். யாருடைய காலடியோ பட்ட இடம் என்று தோன்றும். அது காலடி இல்லை, காலெட்! 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் அமைந்த "காலெட் பேட்டை"தான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

அதை அமைத்ததன் நோக்கம், நெசவாளர்களையும் துணிக்குச் சாயம் எழுதும் ஓவியர்களையும் ஒரே இடத்தில் குடியேற்றுவது. காலெட் பதவிக்காலம் முடிவதற்குள் அங்கே 104 வீடுகளும் 10 கடைகளும் ஒரு கோயிலும் வந்துவிட்டன. குடியிருந்தவர்கள் 489 பேர்.

அந்தக் கோயில்தான் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். அதைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். காலெட்டிடம் வீரராகவர் என்றொருவர் வேலை பார்த்தாராம். தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். அதனால் அடிக்கடி தாமதம். ஒருநாள் கவர்னருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியா? இப்போது காஞ்சியில் என்ன நடக்கிறது, சொல் பார்ப்போம்" என்று கேட்டாராம். அவர் கண்ணை மூடி, அங்கே தேர் நகராமல் நின்றுவிட்டது என்றாராம். விசாரித்தால் அது அப்படியே உண்மையாம்! அசந்துபோன கவர்னர், இவர் இனி அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று பக்கத்திலேயே கோயில் கட்டிக் கொடுத்தாராம்.

இது கதைதான். குதிரையில் போனாலும் காஞ்சிக்கு ஒரே காலையில் போய்த் திரும்ப முடியாது. ஆனாலும் கதைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்குத் தாமதமாக வரும் ஊழியர், காரணம் கேட்கும் மேலதிகாரி, நீண்ட தூரப் பயணம், கடைசியில் ஊழியரின் வாழ்க்கைக்கு ஏற்றபடி நிர்வாகம் செய்யும் ஓர் ஏற்பாடு! இன்றைக்கு எந்த மனிதவள அதிகாரியின் மேசையிலும் இருக்கும் விஷயம்தான் 300 ஆண்டுக்கு முன் கோயில் கதையாகிவிட்டது.

நிஜத்தில் கம்பெனிக்கு இதில் லாபக் கணக்கு உண்டு. நெசவாளர் தொலைவில் இருந்தால் துணி வந்து சேரத் தாமதமாகும்; வேறு வியாபாரி கொத்திக்கொண்டு போகவும் வாய்ப்பு உண்டு. பக்கத்தில் குடியேற்றினால் துணி கைக்கு வரும். அதற்கு அவர்களுக்குப் பிடித்த மாதிரி வீடு, கடை, கோயில் எல்லாம் வேண்டும். 1734இல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது இதே யோசனையில் கூவம் கரையில் இன்னொரு ஊர் உருவானது. அது சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

முன்பணம் என்ற கயிறு

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று முடிவு கட்ட வேண்டாம். நெசவாளரின் சுதந்திரம் எதில் நின்றது என்பதுதான் முக்கியமான கேள்வி.

தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியான தன் நூலில் ஒரு விஷயத்தை விளக்குகிறார். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முன்பண ஒப்பந்தம் நெசவாளர் பக்கம் சாய்ந்திருந்தது. பிடிக்கவில்லை என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். வியாபாரியோ அப்படி இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. துணி வாங்கப் பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், உள்ளூர் வியாபாரிகள் என்று பலர் போட்டி போட்டார்கள். கொடுமை தாங்காவிட்டால் தறியோடு ஊரையே மாற்றிக்கொள்ளலாம். அன்றைய ராஜாக்களும் பாளையக்காரர்களும் வந்த நெசவாளரை வரவேற்று வைத்துக்கொள்வார்கள்.

ஆக, நெசவாளரின் பலம் தறி வீட்டில் இருந்ததால் மட்டும் வரவில்லை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போக இன்னோர் இடம் இருந்தது. வேலை நின்றுபோனால் வரும் நஷ்டத்தில் ஒரு பங்கு வியாபாரி தலையில் விழுந்தது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி வியாபாரி என்ற நிலையிலிருந்து அரசாங்கம் என்ற நிலைக்கு வந்தது. விளையாட்டு மாறியது. கம்பெனியிடம் முன்பணம் வாங்கியவர் அந்த வேலையை முடிக்காமல் வேறு யாருக்கும் நெய்யக்கூடாது. ஒழுங்காக நெய்கிறாரா என்று பார்க்கச் சேவகர்கள் வந்தார்கள். முன்பு சுதந்திரத்தைத் தந்த அதே முன்பணம் இப்போது கழுத்துக் கயிறாகிவிட்டது. தறி அதே வீட்டில்தான் இருந்தது, வீட்டுக்குள் இருந்தவரின் நிலைதான் தலைகீழாக மாறியது!

இன்று வீட்டில் வேலை பார்ப்பவர் நாற்காலியில் இருக்கிறாரா என்று கண்காணிக்கும் மென்பொருள்கள் உண்டு. மவுஸ் எத்தனை நிமிடம் அசையவில்லை என்று எண்ணும். சில நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும். கம்பெனியின் சேவகர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததை இப்போது மென்பொருள் திரைக்குள் உட்கார்ந்து பார்க்கிறது.

வேலை வீட்டைவிட்டுப் போனது

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் துணி கப்பலில் வந்து இறங்கியது. துணி ஏற்றுமதி செய்த ஊர் துணி இறக்குமதி செய்யும் ஊர் ஆனது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1876இல் பக்கிங்காம் மில்லும், அடுத்து கர்னாடிக் மில்லும் பெரம்பூர் பக்கம் வந்தன. பின்னாளில் இரண்டும் சேர்ந்து "பி அண்ட் சி மில்" என்று பெயர் பெற்றன.

முதல் முறையாக ஆயிரக்கணக்கான பேர் ஒரே சங்கு சத்தத்துக்கு எழுந்து, ஒரே வாசலுக்குள் நுழைந்து, ஒரே சங்குக்கு வெளியே வந்தார்கள். சங்கும் கடிகாரமும் இருந்தன. நேரத்துக்கு வரம்புதான் இல்லை. இந்தியாவில் துணி ஆலைகளில் ஆண்களுக்கு நாளைக்கு 12 மணி நேரம் என்ற உச்சவரம்பே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. 1922இல் அது 11 மணி ஆனது. நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது 1946இல்தான் வந்தது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றுப் புத்தகங்களில் படிக்கிறோமே, அதுதான். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. முன்னின்று உழைத்தார். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு இருவரும் அதற்கு வித்திட்டவர்கள். அப்போது எழுந்த முக்கியமான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது! மில்லை விட்டு வெளியே வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வாசலுக்குள் ஓட வேண்டும். கொஞ்சம் தாமதமானால் கதவு சாத்திவிடும்.

தன் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவரின் பேரன் பேத்திகள் காலத்தில், சாப்பிடும் நேரத்துக்கே சங்கம் வைத்துப் போராட வேண்டி வந்தது. ஆனால் ஒரு விஷயத்தையும் மறக்கக்கூடாது. அந்தப் போராட்டம் சாத்தியமானதே எல்லோரும் ஒரே வாசலில் கூடியதால்தான். தனித்தனி வீட்டில் இருந்தவர்களைவிட மில் வாசலில் கூடியவர்களுக்கு ஒன்றாகப் பேசுவது எளிது. வீட்டிலிருந்து வேலை என்று பேசும்போது இந்தப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை.

துறைமுகம்: நெகிழ்வின் இன்னொரு முகம்

மில்லுக்கு நேரம் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. துறைமுகம் வேறு மாதிரி. அங்கே வேலை எப்போதுமே "நெகிழ்வானது"தான்.

துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்க்கும். கடல் சீறும் நாளில் படகு இறங்காது. படகு இறங்காத நாளில் வருமானமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலைதாங்கிச் சுவர் எழும்பித் துறைமுகம் வந்தது. அதன் பிறகும் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்ற நிலை மாறவில்லை. காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி கை காட்டியவருக்கு அன்று கூலி. மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். லண்டன், பம்பாய், கல்கத்தா என்று உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம்.

கப்பல் கம்பெனிக்கு இது மிகவும் வசதி. எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை பேருக்கு மட்டும், அன்றைக்கு மட்டும் கூலி. காத்திருக்கும் நேரத்துக்குப் பைசா கிடையாது. நெகிழ்வு முழுவதும் முதலாளிக்கு, அதன் நஷ்டம் முழுவதும் தொழிலாளிக்கு.

இதை மாற்றியது 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம். அதன் கீழ் 1950களில் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் வந்தன. தொழிலாளர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். வேலை முறை வைத்துப் பகிரப்பட்டது. வேலைக்குத் தயாராக வந்து நின்றும் அன்று கப்பல் இல்லை என்றால் வருகைப் படி உண்டு. மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாளுக்குக் கூலி என்ற உத்தரவாதமும் வந்தது.

கவனியுங்கள், கப்பல் வரும் நேரத்தை இந்தச் சட்டம் மாற்றவில்லை. வேலையின் ஒழுங்கற்ற தன்மை அப்படியே இருந்தது. வேலை இல்லாத நாளின் நஷ்டத்தை யார் தாங்குவது என்பதை மட்டும் மாற்றியது. அந்த ஒரு மாற்றத்திலேயே துறைமுகத் தொழிலாளியின் வீட்டில் நிச்சயமாக அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடிந்தது.

அந்தக் காலமும் நீடிக்கவில்லை. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கப் பல பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒரு கிரேன் போதும் என்றானது. பெரிய துறைமுகங்களுக்கு அந்த 1948 சட்டம் பொருந்தாமல் போக வழி செய்யும் சட்டம் 1997இல் வந்தது. வாரியங்கள் துறைமுகங்களோடு இணைக்கப்பட்டன. ஒப்பந்தக் கூலி முறை மறுபடி பரவியது.

வேலை திரும்ப வீட்டுக்கு வந்தது

1973இல் உலகம் எண்ணெய் நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவின் ஜாக் நில்ஸ் ஒரு யோசனையை ஆராயத் தொடங்கினார். ஆளை வேலைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகத் தொலைபேசிக் கம்பி வழியாக வேலையை ஆளிடம் கொண்டுவந்தால் என்ன? தொலைப்பணி என்ற கருத்துக்கு அவரே பெயர் சூட்டினார். இணையம் பரவிய பிறகுதான் அது பெரிய அளவில் சாத்தியமானது.

சீனாவின் சிட்ரிப் என்ற பயணப் பதிவு நிறுவனத்தில் 2010இல் ஒரு சோதனை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூம் குழுவினர் அதை ஆராய்ந்தார்கள். ஒன்பது மாதம் வீட்டிலிருந்து பேசிய கால் சென்டர் ஊழியர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததுதான் முக்கியக் காரணம். வேலையை விட்டுப் போவதும் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே அளவு திறமை காட்டியும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை! சோதனை முடிந்ததும் பலர் தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்தியாவில் கால் சென்டர், பி.பி.ஓ. வேலைகளை வீட்டிலிருந்து செய்யத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகளே தடையாக இருந்தன. 2020 மார்ச்சில் அவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. அதே நவம்பரில் நிரந்தரமாகவே எளிதாக்கப்பட்டன. டி.சி.எஸ். நிறுவனம் 2025க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்று 2020இல் திட்டம் சொன்னது. ஆனால் 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னது. ஜோஹோ வேறு வழியில் போனது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதலே அதற்கு அலுவலகம் உண்டு. ஊழியரை வீட்டில் உட்கார வைக்காமல், ஆபீசை அவர் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுபோவது அதன் பாணி. ஒரு வகையில் இது காலெட் செய்த அதே வேலைதான்!

புளூம் குழுவினர் 2024இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, வாரத்தில் இரண்டு நாள் வீடு, மீதி ஆபீஸ் என்ற கலப்பு முறையைப் பற்றியது. அதில் 1,612 ஊழியர்கள் கலந்துகொண்டார்கள். வேலை கெடவில்லை, பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை, ராஜினாமாக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பல நிறுவனங்கள் இந்த நடுவழிக்கு வந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

எந்த வீடு?

முதல் சிட்ரிப் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. ஊழியருக்கு வீட்டில் தனி அறை வேண்டும், நல்ல இணைய இணைப்பும் வேண்டும். இதைப் படிக்கும்போது ராயபுரத்தின் ஒண்டுக்குடித்தனங்கள் நினைவுக்கு வராமல் போகாது. ஒரே அறையில் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் நடக்கும் வீட்டில் மீட்டிங்குக்குக் கதவைச் சாத்துவது எங்கே? இருக்கிற ஒரே அறைக்கு ஒரே கதவு, அதுவும் தெருவைப் பார்த்து! வட சென்னையிலிருந்து படித்து ஐ.டி. வேலைக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஆபீஸ் என்பது ஏ.சி.யும் நாற்காலியும் அமைதியும் கிடைக்கும் இடமும்கூட.

நெசவாளர் வீடு வேலைக்காகவே அமைக்கப்பட்டது. தறிக்குக் குழி, பாவு நீட்ட அகலமான தெரு என்று பேட்டையே அதற்காகத் திட்டமிடப்பட்டது. இன்று வேலையை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலி, மின்கட்டணம், இணையக் கட்டணம், இடம் எல்லாம் ஊழியர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

வீட்டிலிருந்து வேலை என்றதும் லேப்டாப் மட்டுமே நினைவுக்கு வருவதும் சரியில்லை. பீடி சுற்றுவது, அப்பளம் இடுவது, துணிக்குப் பொத்தான் தைப்பது என்று எண்ணிக்கைக் கூலிக்கு வீட்டில் உழைக்கும் பெண்கள் எப்போதும் இருந்தார்கள், இருக்கிறார்கள். வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவழி வேலைக்காகவே 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஆலையில் உழைப்பவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

தொலைவிலிருந்து வேலை என்பது துறைமுகத்துக்கு ஒருநாளும் வராது என்றும் சொல்ல முடியாது. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன்களை உள்ளூர்ப் பெண்கள் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து இயக்குகிறார்கள். அப்படி ஒருநாள் ராயபுரத்துக்கும் வரலாம். அந்த நாற்காலியில் ராயபுரத்துப் பிள்ளைகள் உட்காருவார்களா என்பதுதான் கேள்வி.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மே தினம்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. வேலை நேர விதிகளிலிருந்து ஆலைகளுக்கு அரசு விலக்கு அளிக்க அது வழி செய்தது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, விரும்பினால் நான்கே நாளில் முடித்துக்கொள்ளலாம், இது நெகிழ்வான நேரம் என்றது அரசு. நாளைக்கு 12 மணி நேர வேலை திரும்ப வருகிறது, அதுவும் 1911க்கு, என்றன தொழிற்சங்கங்கள். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் மு.க.ஸ்டாலின் மசோதா திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

1923 மே 1 அன்று, இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். சரியாக 100 ஆண்டு கழித்து, சின்னத் தறிப்பேட்டை மண்ணில் வேலை நேரம் பற்றிய இந்த அறிவிப்பு வந்தது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

அதே ஆண்டு சுதந்திர தின உரையில், செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். விரும்பினால் வேலை, விரும்பாவிட்டால் ஓய்வு என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் சிக்னல் ஓரத்தில் பைக்கை நிறுத்தி, போனைப் பார்த்தபடி ஆர்டருக்குக் காத்திருப்பவரின் நிலை, துறைமுக வாசலில் மேஸ்திரியின் கைக்குக் காத்திருந்தவரின் நிலையிலிருந்து எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது?

முடிவாக

இந்த 300 ஆண்டில் வேலை வீட்டில் இருந்தது, ஆலைக்குப் போனது, துறைமுக வாசலில் நின்றது, திரும்ப வீட்டுக்கு வந்தது. இடம் மாறியதால் மட்டும் யாரும் சுகப்படவும் இல்லை, கஷ்டப்படவும் இல்லை. வீட்டில் இருந்த நெசவாளர் ஒரு காலத்தில் சுதந்திரமாக இருந்தார், இன்னொரு காலத்தில் அடிமைப்பட்டார். துறைமுகக் கூலி ஒரு காலத்தில் பட்டினி கிடந்தார், இன்னொரு காலத்தில் நிமிர்ந்து நின்றார்.

இரண்டு இடத்திலும் வித்தியாசத்தை உண்டாக்கியவை மூன்று விஷயங்கள்தான். வேலை இல்லாத நாளின் நஷ்டம் யாருக்கு? பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிப் போக இன்னோர் இடம் உண்டா? தனித்தனியாக இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து பேச வழி உண்டா?

நாளை படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவர்களின் நியமனக் கடிதத்தில் "நெகிழ்வான வேலை முறை" என்ற வார்த்தை இருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்று கேள்விகளையும் அந்தக் கடிதத்திடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. காலடிப்பேட்டைத் தறிகள் முதல் ராயபுரம் துறைமுக வாசல் வரை, வட சென்னை அந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது.